ஆறாவது ஓட்டு

நான் இருபத்து மூன்று ஓட்டில் தோற்றேன். ஏன் தோற்றேன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: துணைத் தலைவராக வர வேண்டிய ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டாள். அது உண்மைதான், அந்தத் துணையால்தான் தோற்றேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தில் ஒரு வருத்தம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வருத்தத்தை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் உள்ளே நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் முந்திரிக் காடு, மறுபக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளங்கள். ஊர்த்தெரு நான்கு, காலனி இரண்டு தெரு, நடுவில் பிள்ளையார் கோயில். அப்போது குடிதண்ணீர்க் குழாய் அந்தக் கோயில் முனை வரைக்கும்தான் வந்து நின்றது. காலனிப் பெண்கள் குடத்தோடு அந்த முனைக்கு வந்து, ஊர்த்தெருப் பெண்கள் பிடித்து முடிக்கும் வரை ஓரமாகக் காத்திருப்பார்கள். பல நாள் அவர்கள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

தொண்ணூற்றாறில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஊர் ஆண்கள் ஒரு வாரம் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் தன் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். பெயர்ப்பலகையில் அவள் பெயர், நாற்காலியில் அவர். ஊரே அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட்டது, அவளைத் 'தலைவர் வூட்டம்மா' என்றது. ஓட்டு வாங்கியவள் அவள், சட்டப்படி தலைவர் அவள், அவளே தலைவரின் வீட்டம்மாவாம். இதை ஊரில் ஒருத்தரும் வேடிக்கையாகக்கூட நினைக்கவில்லை.

ஊராட்சியில் எந்த வேலைக்குச் செக் எழுதினாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது, இன்னொன்று துணைத் தலைவருடையது. அந்தத் தடவை துணைத் தலைவர் சூளைக்காரரின் சித்தப்பா மகன். ஆகவே கையெழுத்துக்கு ஒரு தடையும் இல்லை. ஒருநாள் ரேஷன் கார்டு விஷயமாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊராட்சிக் கிளார்க் செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். அவள் தோசை மாவு ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அரிசி டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எதற்கு என்று கேட்கவே இல்லை. எனக்கு அவள் புருஷன் மேல் வந்ததைவிட அவள் மேல்தான் அதிகம் கோபம் வந்தது. கேட்டால் என்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள் என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன்.

இனி என் துணையைப் பற்றிச் சொல்கிறேன். அவள் காலனியைச் சேர்ந்தவள், முந்திரி உடைக்கிற வேலை. மகளிர் குழுவில் எனக்குப் பழக்கமானாள். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்திருக்கும். கட்டை விரலில் ரேகையே கிடையாது. எந்த ஆபீசில் கைநாட்டு வைத்தாலும் மையைத் தடவிய கறை மாதிரிதான் விழும், இது செல்லாது என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டு தடவை அப்படி அவமானப்பட்டு வந்தவள், பள்ளிக்கூடம் போகிற தன் மகளிடம் கேட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். பிறகு அதோடு நிற்கவில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். எதைக் கொடுத்தாலும் முழுக்கப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். குழுக் கூட்டத்தில் இதனால் ஒரு மணி நேரம் தாமதமாகும், நானே சலித்துக்கொண்டிருக்கிறேன்.

குழாய்க்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். அரியலூரில் பஸ் மாறி, வழியெல்லாம் நின்றுகொண்டே போனோம். மனு வாங்கியவர் உங்கள் ஊராட்சித் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வரக்கூடாதா என்று கேட்டார். நான் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"தலைவரு குடத்தோட வரிசையில நிக்கிறதில்லைங்க சார். நாங்கதான் நிக்கிறோம்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மனுவில் முத்திரை குத்தினார். அந்த மனுவால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அடுத்த தடவை தலைவர் பதவிக்கு நான் நிற்பது, இவளைத் துணையாக வைத்துக்கொள்வது.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு நிற்பவர் தன் துணை ஜனாதிபதியைத் தானே தேர்ந்தெடுத்து, இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டுக் கேட்பார்களாம். பேப்பரில் வந்ததை டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தபோது பால் வாங்கப் போன நானும் கேட்டேன். எங்கள் ஊராட்சிக்குச் சட்டம் அப்படி இல்லை. தலைவரை ஊர் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். துணைத் தலைவரைப் பிறகு தலைவரும் வார்டு உறுப்பினர்களும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து, அந்த உறுப்பினர்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கம் அமெரிக்காதான். தலைவருக்கு நிற்பவர் தன் துணை இன்னார் என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும். காட்டுவது என்றால் மேடை போட்டுச் சொல்வதல்ல. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகும்போது பக்கத்தில் யார் நடந்து வருகிறார், ஆரத்தித் தட்டிலிருந்து குங்குமம் யார் யார் நெற்றிக்குப் போகிறது, இதுதான் அறிவிப்பு. அந்தத் துணையின் சொந்தபந்தம், தெரு எல்லாம் ஒட்டுமொத்தமாக அந்தப் பக்கம் சாயும். அதனால் துணையைப் பிடிப்பதில்தான் பாதித் தேர்தல்.

இரண்டாயிரத்து ஒன்றில் தேர்தல் வந்தது. அப்போதும் பதவி பெண்களுக்குத்தான். சூளைக்காரர் தன் மனைவியையே மறுபடி நிறுத்தினார். நான் நிற்கப் போகிறேன் என்றதும் என் கொழுந்தன் இரண்டு பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். வந்தவன் என்னிடம் கேட்க வரவில்லை, சொல்ல வந்தான்.

"அண்ணி, நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். நான் துணைத் தலைவரா வந்துர்றேன், மத்த வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒங்களுக்கு ஒரு செரமமும் வராது."

அந்த அடுப்படியும் அரிசி டின்னும் என் கண் முன்னால் வந்து நின்றன. எனக்குச் சிரமம் வேண்டும் என்பதற்காகத்தான் நிற்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். துணைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி, யார் என்றும் சொன்னேன். பங்காளிகளில் ஒருவர் கையில் இருந்த காபி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். எங்கள் பங்காளி வகையறா ஓட்டு எண்பதுக்கு மேல் என்றும், அவளைப் பக்கத்தில் நிறுத்தினால் அதில் பத்துகூட எனக்கு விழாது என்றும் கொழுந்தன் விவரமாக எடுத்துச் சொன்னான். கணக்கு எனக்கும் தெரியும். என் கணவரைப் பார்த்தான். அவர் சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டிக்கொண்டு ஆலத்தியூர்ப் பக்கம் போய் வருபவர், அதிகம் பேச மாட்டார். நிற்கிறவள் அவள், அவளிடமே பேசிக்கொள் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாளே கொழுந்தன் சூளைக்காரரின் பக்கத்தில் நடந்தான். அவர்கள் துணை அவன்தான் என்று ஊருக்கே தெரிந்துபோனது. பொதுக் கிணற்று மோட்டாரில் எங்கள் முறை வந்த அன்றைக்கு யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். நெல் நாற்று ஒரு வாரம் காய்ந்தது. எனக்குப் பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது, அதனால் பிழைத்தேன்.

என் சின்னம் பூட்டுச் சாவி. நானும் அவளும் சேர்ந்தே ஊர்த்தெருவில் ஓட்டுக் கேட்டோம். காலனிக்காரி ஒருத்தி ஊர்த்தெருவில் ஓட்டுக் கேட்டு நடப்பதே அதுவரை நடக்காத காரியம். அதிலும் அவள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டதைக் கேட்டுச் சிலர் கதவைச் சாத்தினார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டம்மா ஆரத்தி எடுத்தாள். என் நெற்றியில் குங்குமம் வைத்தாள், பிறகு என் பக்கத்தில் நின்றவளின் நெற்றியைத் தாண்டித் தட்டைக் கீழே இறக்கினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தத் தட்டிலிருந்தே குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். அந்த ஒரு விரல் குங்குமத்துக்கு உனக்கு இருபது ஓட்டுப் போச்சு என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.

அரியலூரில் ஓட்டு எண்ணினார்கள். நான் தோற்றேன். காலனி ஓட்டு மொத்தமும், ஊர்த்தெருவில் சில பெண்களின் ஓட்டும் எனக்கு விழுந்திருந்தன. பங்காளி ஓட்டு கொழுந்தன் சொன்னபடியே போய்விட்டது. அவனைத் துணையாக வைத்துக்கொண்டிருந்தால் நான் நூறு ஓட்டுக்கு மேல் ஜெயித்திருப்பேன், இதில் சந்தேகமே இல்லை. என் கணவரிடம் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஓட்டு ரகசியம், அதையெல்லாம் கேட்கக் கூடாது என்றார். இன்றைக்கு வரை சொல்லவில்லை.

அவள் மட்டும் தன் காலனி வார்டில் ஜெயித்து உறுப்பினராகிவிட்டாள். கொழுந்தனும் ஒரு வார்டில் ஜெயித்திருந்தான். மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள், தலைவரோடு பத்து ஓட்டு. துணைத் தலைவர் தேர்தலில் நானே அவளை நிற்கச் சொன்னேன். தோற்றவள் யோசனை சொல்கிறாள் என்று காலனியிலேயே சிரித்தார்கள். கொழுந்தன் எட்டு ஓட்டு எனக்கு என்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஏனென்றால் உறுப்பினர்களில் மூன்று பேர் ஊர்த்தெருப் பெண்கள், பெண்களுக்கான வார்டு என்பதால் வீட்டு ஆண்கள் பேருக்கு நிறுத்தி வைத்தவர்கள். அவர்கள் கை தூக்கு என்றால் தூக்குவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எங்கள் ஊர் ஆண்கள் அங்கேதான் தவறு செய்தார்கள். ஐந்து வருடமாக ஊராட்சிக் கூட்டம் என்றால் புருஷன்மார்கள் உள்ளே போய் உட்காருவார்கள், பெண்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதே பழக்கத்தில் அன்றைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி கண்டிப்பான மனிதர். உறுப்பினர் அல்லாதவர்கள் எல்லாரும் வெளியே போங்கள் என்றார். சூளைக்காரர் நான்தான் தலைவர் என்று சொல்ல, அப்படியானால் இந்தம்மா யார் என்று அவர் கேட்டாராம். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். கையைத் தூக்கச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். ஓட்டு ரகசியம் என்பது அந்த மூன்று பெண்களுக்கும் அன்றைக்குத்தான் முதல் முறையாக நிஜமானது.

நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. கொழுந்தனுக்கு நான்கு ஓட்டு. அவளுக்கு ஆறு.

அவள் ஓட்டு ஒன்று, காலனியின் இன்னொரு உறுப்பினர் ஓட்டு ஒன்று, அந்த மூன்று பெண்களின் ஓட்டு மூன்று. மூன்று பேரும் அடுத்தடுத்த நாட்களில் தனித்தனியாக என் காதில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து ஆயிற்று. ஆறாவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சூளைக்காரர், உறுப்பினராக இருந்த தையல்காரரைச் சந்தேகப்பட்டு, தைக்கக் கொடுத்த துணியைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். தையல்காரர் சாமி சத்தியமாக நான் இல்லை என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் செக் வந்தது. கிளார்க் வழக்கம்போல அடுப்படியில் தலைவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு காலனிக்கு வந்தார். அவள் செக்கைப் படித்தாள், திருப்பிக் கொடுத்தாள். தலைவரம்மா ஆபீசில் வந்து உட்கார்ந்து என் எதிரில் கையெழுத்துப் போட்டால்தான் நானும் போடுவேன் என்று சொல்லி அனுப்பினாள். சூளைக்காரர் இது யார் கொடுத்த திமிர் என்று ஊர் கேட்கக் கத்தினார். யார் கொடுத்தது என்று அவருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. ரிப்பேர் செய்ய செக் வேண்டும், செக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. பிள்ளையார் கோயில் குழாயில் காற்றுகூட வரவில்லை. ஊர்த்தெருப் பெண்கள் முந்திரிக் காட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள். என் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு. காலனிக்காரர்களே அவளைத் திட்டினார்கள். நம்ம வூட்டுப் பிள்ளைங்களும்தானே தண்ணி இல்லாமக் கெடக்குது என்று அவள் மாமியார் அழுதாள்.

நானும் அசைந்துவிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. காலனிக்குப் போய், இந்த ஒரு தடவை மட்டும் போட்டுவிடு, மோட்டார் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இந்த ஒரு தடவை போட்டா அப்பறம் எல்லாத் தடவையும் போடணுங்கக்கா. என்னையத் துணைக்குன்னுதானே கூப்புட்டீங்க. சும்மா கையெழுத்துக்குன்னா ஒங்க கொழுந்தனே போதுமே."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று கொழுந்தன் என்னிடம் சொன்னதைத்தான் நான் அவளிடம் போய்ச் சொல்லியிருந்தேன். வெட்கத்தோடு திரும்பி வந்தேன். அடுத்த நாள் என் வாசலில் திட்ட வந்தவர்களிடம், திட்டுகிறவர்கள் சூளைக்காரர் வீட்டுக்குப் போய், தலைவரம்மாவை ஆபீசுக்கு அனுப்புங்கள் என்று கேளுங்கள், நடந்தால் இருநூறு அடி என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து நிஜமாகவே பத்துப் பதினைந்து பெண்கள் காலிக் குடத்தோடு அங்கே போய் நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலையில் தலைவரம்மா வந்தாள். புருஷன் வண்டியில் வரவில்லை, தனியாக நடந்து வந்தாள். ஊராட்சி ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றது, அதில் நானும் இருந்தேன். உள்ளே போனவள் நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சூளைக்காரரின் துண்டு அதன் முதுகில் கிடந்தது. அதை எடுத்து மடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரில் பெஞ்சில் என் துணை உட்கார்ந்திருந்தாள். கிளார்க் செக்கை நீட்டினார். தலைவரம்மா பேனாவை எடுக்கவில்லை.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

ஐந்து வருடம் அடுப்படியில் கேட்காத கேள்வி. கிளார்க் தடுமாறிக்கொண்டே மோட்டார் என்றார். பில்லைக் காட்டச் சொல்லி வாங்கி, இரண்டு பெண்களும் சேர்ந்து பார்த்தார்கள். பிறகு இரண்டு கையெழுத்தும் ஒரே மேசையில் விழுந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. அடுத்த கோடைக்குள் குழாய் பிள்ளையார் கோயில் முனையைத் தாண்டிக் காலனிக்குள் போய்விட்டது.

அன்றைக்கு ஆபீசை விட்டு வெளியே வந்த தலைவரம்மா கூட்டம் கலையும் வரை நின்று, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. கோயில் முனைக்கு வந்ததும் நின்றாள்.

"தையக்காரரை எல்லாரும் ஏசுறாங்க. பாவம், அந்த ஆறாவது ஓட்டு அவரு போடல. நான் போட்டது."

கூடவே காரணத்தையும் சொன்னாள்.

"ஒங்க கொழுந்தனாரு வந்திருந்தா செக்கு பழையபடி என் அடுப்படிக்குத்தான் வந்திருக்கும். இந்தப் பொண்ணு வந்தா என்னைய ஆபீசுக்கு வரச் சொல்லும்னு தெரியும். நானா வரேன்னு சொன்னா எங்க வூட்டுல விடுவாங்களா?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தையல்காரருக்கு மட்டும் வேறு வழியில் நியாயம் செய்துவிடுவதாகச் சொன்னாள். அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டுத் துணி மொத்தமும் அவரிடம்தான் தைக்கப் போயிற்று. இப்போது சொன்னால் பரவாயில்லை என்று அவளே அனுமதி கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

அவளை வாயில்லாப் பூச்சி என்று ஐந்து வருடம் நான் திட்டியிருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் முன்னால் சொல்லியும் இருக்கிறேன். அவள் கேட்பதற்கு எதிரில் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அந்த ஒருத்தியைத்தான் நான் கொண்டுவந்து நிறுத்தினேன். இப்போதும் ஊரில் கல்யாணம் காது குத்து என்று போனால், துணையைச் சரியாகப் பிடித்திருந்தால் நீ தலைவராகியிருப்பாய் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நான் தலைவராகவில்லை, ஆனால் எங்கள் ஊருக்குத் தலைவர் கிடைத்தாள் என்று சொல்லிவிட்டு இலையில் விழுந்ததைச் சாப்பிடுவேன்.